ஹிப்போ நகரத்துச் சாட்சி ஏடுகள்: ரோக நிவாரண அற்புதங்களின் சரித்திரம் குறித்து ஒரு மறு ஆராய்ச்சி

ஆதித் திருச்சபையில் வியாதியஸ்தர் சுகம் பெற்றதையும் பிசாசு பிடித்தவர்கள் விடுதலை அடைந்ததையும் பற்றி எழுதப் புகுகிறவர், அவற்றை நம்புகிறவராயினும் நம்பாதவராயினும், பிரின்ஸ்டன் வேதசாஸ்திரக் கல்லூரியின் பேராசிரியர் பெஞ்சமின் வார்ஃபீல்டு 1917-18ஆம் ஆண்டுகளுக்குரிய சொற்பொழிவு வரிசையாகத் தென் கரோலினாவின் கொலம்பியா வேதசாஸ்திரக் கல்லூரியில் நிகழ்த்தி, 1918இல் 'போலி அற்புதங்கள்' என்று பொருள்படும் தலைப்புடன் அச்சேற்றிய நூலுக்கு ஏதேனும் ஒரு விதத்தில் பதில் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது. ரோமன் கத்தோலிக்க யாத்திரை ஸ்தலங்கள், எட்வர்டு இர்விங்கின் அடியார்கள், விசுவாசத்தாலேயே சுகம் உண்டு என்று போதித்த அமெரிக்கப் பிரசங்கிமார், கிறிஸ்தவ விஞ்ஞானம் என்னும் புதுமதம் ஆகிய அனைத்தையும் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டிலேற்றி விசாரிக்கும் அந்நூலின் ஆறு சொற்பொழிவுகளில் முதல் இரண்டே அஸ்திவாரமாக அமைந்தவை. அவற்றில் கட்டப்பட்ட வாதம் நிற்குமானால் மற்ற நான்கும் தாமே நிற்கும்.

அந்த வாதத்தை நியாயமாக எடுத்துரைப்பது கடமை. அப்போஸ்தலருக்கு அருளப்பட்ட அற்புத வரங்கள் அவர்கள் தேவனால் அனுப்பப்பட்டவர்கள் என்பதற்கு அத்தாட்சிகள்; அவர்களும் அவர்கள் கைவைத்து ஆசீர்வதித்தவர்களும் மறைந்தபோது அவையும் மறைந்தன என்பது வார்ஃபீல்டின் வேதசாஸ்திரச் சித்தாந்தம். அதற்கு அவர் தேடிய சரித்திர ஆதாரமோ இது: அப்போஸ்தலர் காலத்துக்குப் பிந்திய முதல் ஐம்பது ஆண்டுகளின் எழுத்துக்களில் அற்புதங்களுக்குச் சாட்சியம் இல்லை அல்லது இல்லை என்றே சொல்லத்தக்கது, அடுத்த ஐம்பதில் சொற்பம், மூன்றாம் நூற்றாண்டில் அது வளர்கிறது, நான்காம் நூற்றாண்டில்தான் ஏராளமாகவும் விவரமாகவும் வந்து, ஐந்தாவதில் மேலும் பெருகுகிறது. அப்போஸ்தலரிடமிருந்து வழிவழியாக வந்த வரமாயின் காலம் செல்லச் செல்லத் தேயவேண்டுமேயன்றி வளரலாகாது. வளர்ந்ததனால் அது வேறு ஊற்றிலிருந்து வந்தது. அந்த ஊற்று, மனந்திரும்பிய புறமதத்தார் திரள்திரளாகச் சபைக்குள் நுழைந்தபோது தம்மோடு சுமந்து வந்த கிரேக்க ரோமானிய அற்புதக் கதை மரபே என்று அவர் தீர்மானித்தார். 1749இல் கோனியர்ஸ் மிடில்டன் இங்கிலாந்தில் எழுப்பிய ஆட்சேபத்தின் மறுபதிப்பாக இதைச் சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு, அது சரியன்று. மிடில்டன் பிதாக்களின் நேர்மையைச் சந்தேகித்தார். வார்ஃபீல்டு பெரும்பாலும் அவர்களுடைய காலத்தைச் சந்தேகித்தார். இரண்டாவது வாதம் நுட்பமானது. ஆகவே மறுக்கவும் கடினமானது.

எண்ணிக்கையைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் சாட்சியம் பெருகியது மெய். பெருகியது சம்பவமா, சம்பவத்தை எழுதிவைக்கும் வழக்கமா என்பதே கேள்வி. ஒரு தாலுகாவில் ஜனன மரணப் பதிவேடு தொடங்கிய வருஷத்திலிருந்து கணக்கெடுத்து, அந்த வருஷம் முதல்தான் அங்கே குழந்தைகள் பிறக்கத் தொடங்கின என்று ஒருவர் சொன்னால் எப்படியோ, அப்படியே இருக்கிறது எழுத்தின் தேதியைச் சம்பவத்தின் தேதியாக எடுத்துக்கொண்டு வரையப்பட்ட வார்ஃபீல்டின் ஏறுமுகக் கோடு. இதை நிரூபிக்கப் பொதுப்படையான நியாயங்கள் போதா. பதிவு எங்கே, எவரால், எதற்காகத் தொடங்கப்பட்டது என்று காட்டவேண்டும். அவ்வாறு காட்டத்தக்க இடம், எனக்குத் தெரிந்தவரை, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரம் ஒன்றே.

அதற்கு முன், பிசாசு விரட்டுதலைப் பற்றி ஒரு வார்த்தை. 251ஆம் ஆண்டில் ரோமாபுரி மேற்றிராணியார் கொர்னேலியு, அந்தியோகியாவின் பாபியுவுக்கு எழுதிய நிருபத்தில் தம் சபையின் ஊழியர்களைக் கணக்கிடுகையில், குருக்கள் 46 பேர், தியாக்கோன்கள் 7 பேர் என்று தொடங்கிப் பேயோட்டுவோர், வாசகர், வாயில்காப்போர் ஆகியோர் சேர்ந்து 52 பேர் என்று எழுதுகிறார். பேயோட்டுவோர் சம்பளப் பட்டியலில் வாயில்காப்போர் பக்கத்தில் நிற்கிறார்கள்! யுஸ்தீனும் இரேனேயுவும் தெர்த்துல்லியனும் இந்த விடுதலைகளைப் பற்றிப் பேசும்போது ஆளின் பெயரும் நாளும் கூறாமல், யாவரும் அறிந்த விஷயம்போல் கடந்துபோவதை வார்ஃபீல்டு அவர்கள் சாட்சியத்தின் பலவீனமாகக் கொண்டார். நாள்தோறும் நடப்பதாகக் கருதப்பட்ட ஒன்றை எவரும் சம்பவமாக எழுதிவைப்பதில்லை என்று நான் கொள்கிறேன். இங்கே ஆதாரம் மெலிந்தது என்பதை அறிவேன். மெலிந்த ஆதாரத்தை மௌனம் என்று படிப்பதும் ஒரு துணிபே என்பதைத்தான் வற்புறுத்துகிறேன்.

இனி ஹிப்போவின் மேற்றிராணியார் அகுஸ்தீன். 'தேவ நகரம்' என்னும் பெருநூலின் கடைசிப் புத்தகமாகிய இருபத்திரண்டாவதின் எட்டாம் அத்தியாயம், அக்காலத்து அற்புதங்களின் மிக நீண்ட வரிசை. வார்ஃபீல்டின் இரண்டாம் சொற்பொழிவு அதை விரிவாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. அவ்வத்தியாயத்தின் முதற்பெரும் சம்பவம் கார்த்தேஜ் நகரில் இன்னொசெந்தியு என்னும் முன்னாள் வழக்கறிஞரின் வீட்டில் நடந்தது. ஆசன வாயில் பல பவுத்திரப் புண்கள் உண்டாகி, ரணவைத்தியர்கள் அறுத்து ஆற்றிய பின்னும் மடிப்புக்குள் மறைந்த ஒன்று தப்பிவிட்டது. மறுபடி கத்திவைக்க நேரும் என்று எச்சரித்த வீட்டு வைத்தியரை நோயாளி கோபத்தில் வெளியே துரத்தினார். அம்மோனியு என்னும் முதிய வைத்தியரோ மருந்தே போதும் என்று உறுதி கூறினார். நாட்கள் சென்றன, மருந்து பலிக்கவில்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்திருந்த பேர்பெற்ற ரணவைத்தியர் ஒருவரை அழைத்தபோது அவர், முன்பு அறுத்தவர்களின் வேலைத் திறத்தைத் தழும்புகளில் கண்டு மெச்சி, மிச்சத்தையும் அவர்களே முடிக்கட்டும், அறுக்காமல் தீராது என்று விலகிக்கொண்டார். அறுவைக்கு முந்திய மாலையில் உசாலிஸ் மேற்றிராணியார் சத்துர்னீனுவும், பின்னாளில் கார்த்தேஜின் மேற்றிராணியாரான அவுரேலியுவும், வேறு சிலரும் வந்து ஆறுதல் சொல்ல, நோயாளி யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் தரையில் குப்புற விழுந்து, உடல் குலுங்க, பேச்சும் வராமல் அழுது ஜெபித்தாராம். அந்த அறையிலே கூட இருந்த அகுஸ்தீன் தம்மால் ஜெபிக்கவே முடியவில்லை என்றும், இந்த ஜெபத்தைக் கேளாவிட்டால் ஆண்டவர் வேறு எந்த ஜெபத்தைத்தான் கேட்பார் என்ற ஓர் எண்ணமே உள்ளத்தில் எழுந்தது என்றும் எழுதுகிறார். மறுநாள் ஆயுதங்கள் வெளியே எடுக்கப்பட்டன, கட்டு அவிழ்க்கப்பட்டது, வைத்தியர் கண்ணாலும் விரலாலும் தேடித் தேடி, இறுகிய தழும்பையே கண்டார்.

இச்சம்பவத்தின் காலம் முக்கியமானது. அகுஸ்தீனும் அவர் நண்பர் அலிப்பியுவும் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய புதிதில், இன்னும் குருத்துவம் பெறாதிருந்தபோது, அந்த வீட்டில் தங்கியிருந்தார்கள்; ஆதலின் இது 388ஆம் ஆண்டுக்குரியது. ஆனால் எழுதப்பட்டதோ 426 அல்லது 427இல். இடையில் ஏறக்குறைய முப்பத்தெட்டு வருஷம்! அவ்வளவு காலம் இதைப்பற்றி அவர் எங்கும் எழுதவில்லை. எழுதாததோடு மட்டுமன்று, சம்பவம் நடந்த ஓரிரண்டு வருஷத்துக்குள், 390ஐ ஒட்டி இயற்றிய 'மெய்ச்சமயம்' பற்றிய நூலில், மனித மனம் காணும் பொருளையே என்றும் நாடிவிடாதபடிக்கு ஆதிகாலத்து அற்புதங்கள் தொடர அனுமதிக்கப்படவில்லை என்று எழுதினார். அற்புதங்கள் ஓய்ந்தன என்னும் தரப்பினர் தம் கட்சிக்குப் பெரும் பிரமாணமாகக் காட்டுவது இந்த வாக்கியத்தையே. இளமையில் தெளிந்த அறிவோடு மறுத்தவர் முதுமையில் ஜனங்களின் மூடநம்பிக்கைக்கு இறங்கிவந்தார் என்று அவர்கள் படிக்கிறார்கள். ஆனால் அதை எழுதிய கை, இன்னொசெந்தியுவின் அறையில் இருந்தவரின் கை. மிலான் நகரில் 386இல் கெர்வாசியு, புரோத்தாசியு என்னும் வேதசாட்சிகளின் திருப்பண்டங்கள் எடுக்கப்பட்டபோது பார்வை பெற்ற குருடனைப் பற்றியும் அவருக்கு அப்பொழுதே தெரியும்; தம் நூல்களைத் திருத்தி எழுதிய முதுமையில் அதைத்தானே நினைவுபடுத்தி, அந்த வாக்கியத்தை ஒரு அற்புதமும் இப்போது நடப்பதில்லை என்று கொள்ளலாகாது என்று வரையறுக்கிறார். ஆகவே 390இன் வாக்கியம் உலகில் நடந்ததையும் நடவாததையும் பற்றிய சாட்சியமன்று; ஒரு வேதசாஸ்திரக் கோட்பாடு. அதைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொண்டதுதான் அந்தத் தரப்பின் முதற்பிழை என்பது என் கருத்து. முப்பத்தெட்டு வருஷ ஞாபகம் சம்பவத்தை அழகுபடுத்தியிருக்கலாம் என்ற ஆட்சேபத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வைத்தியர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்ததும், நோயாளி வீட்டு வைத்தியரை விரட்டியதும் பக்திக் கதைக்கு எவ்வகையிலும் தேவைப்படாத விவரங்கள்.

நினைவில் இருந்தும் எழுதப்படாமல் ஒரு சம்பவம் எப்படிக் கிடக்கிறது என்பதை அடுத்த கதை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. அதே நகரத்துப் பெரிய குடும்பத்துப் பெண்மணி இன்னொசெந்தியாவுக்கு மார்பில் புற்றுநோய். இப்போக்கிராத்து சொன்னபடி ஒன்றும் செய்யாதிருப்பதே மேல் என்று குடும்ப வைத்தியர் கைவிரித்தார். பாஸ்கா நெருங்கிய சமயம், ஞானஸ்நான ஸ்தலத்தில் பெண்கள் பக்கத்தில் நின்று, ஞானஸ்நானம் பெற்று முதலில் எதிர்ப்படும் பெண்ணைக்கொண்டு நோயுள்ள இடத்தில் சிலுவை அடையாளம் போடுவித்துக்கொள்ளும்படி சொப்பனத்தில் கட்டளை பெற்றாள், அப்படியே செய்தாள், சுகமானாள். வைத்தியர் என்ன மருந்து என்று ஆவலாய்க் கேட்டு, விவரம் அறிந்ததும், ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறீர் என்றல்லவா நினைத்தேன் என்னும் பாவனையில் பேச, அவள் பரிகாசமோ என்று நடுங்க, செத்து நாலு நாளானவனை எழுப்பிய கிறிஸ்துவுக்குப் புற்று எம்மாத்திரம் என்று அவர் முடித்தாராம். இதைக் கேள்வியுற்ற அகுஸ்தீனுக்கு வந்தது ஆனந்தமன்று, கோபம். இவ்வளவு பெரிய நகரில், இவ்வளவு பெரிய மனுஷிக்கு நடந்ததை வெளியே சொல்லாமல் இருந்தாளே என்று கடிந்துகொண்டார். நான் மறைக்கவில்லையே என்றாள் அவள். கூட இருந்த தோழியரைக் கேட்டார். அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. அங்கேயே அவர்கள் காதுபட முழுவதையும் சொல்லச் செய்தார். அற்புதம் வீட்டுக்குள் நடந்து வீட்டுக்குள்ளேயே மடிந்துபோகும் உலகம் இது. கோபம் கொண்ட ஒருவரின் விசாரணையால்தான் அது சரித்திரத்துக்குள் வருகிறது. இச்சம்பவத்தின் ஆண்டை அகுஸ்தீன் குறிப்பிடவில்லை.

ஆனால் 388இல் மௌனமாக இருந்தவர் 420களில் இவ்வளவு உரத்துப் பேசக் காரணம் என்ன? வார்ஃபீல்டின் விடை, புறமத மனப்பான்மை இடைக்காலத்தில் ஆப்பிரிக்கத் திருச்சபையையும் அதன் மேற்றிராணியாரையும் வென்றது என்பது. என் விடை வேறு. இதற்கு ஆதாரம் நேரானதன்று என்பதனால் சற்று விரித்தே சொல்லவேண்டும்.

401இல் அவுரேலியு தலைமையில் கார்த்தேஜில் கூடிய சங்கம், சொப்பனங்களையும் வீண் வெளிப்பாடுகளையும் நம்பி வயல்வெளிகளிலும் வழியோரங்களிலும் கட்டப்பட்ட பீடங்களில், வேதசாட்சிகளின் உடலோ திருப்பண்டமோ உண்மையில் இல்லாதவற்றை மேற்றிராணிமார் இடித்துவிடவேண்டும் என்று விதித்தது. 404ஐ ஒட்டித் தம் மடத்தைச் சேர்ந்த இருவர் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டியபோது, அகுஸ்தீன் அவர்களை இத்தாலியாவின் நோலாவில் அர்ச்சியசிஷ்ட பெலிக்ஸின் கல்லறைக்கு அனுப்பினார். அதற்குக் காரணம் கூறுகையில், ஆப்பிரிக்கா வேதசாட்சிகளின் உடல்களால் நிறைந்திருந்தும் இத்தகைய அற்புதம் இங்கே எங்கும் நிகழக் காணோம் என்று எழுதினார். அற்புதத்தை அவர் சந்தேகிக்கவில்லை, ஆப்பிரிக்காவைத்தான் சந்தேகித்தார். ஏன்? அக்காலத்தில் ஆப்பிரிக்காவில் அற்புதங்களைப் பறைசாற்றியவர்கள் கத்தோலிக்க சபையிலிருந்து பிரிந்து நின்ற தொனாத்துக் கட்சியார். தங்கள் தலைவர்களின் ஜெபத்துக்கு வானமே பதில் சொன்னதென்று அவர்கள் கூற, அகுஸ்தீன் யோவான் சுவிசேஷ வியாக்கியானப் பிரசங்கமொன்றில் அவர்களை 'அற்புதக்காரர்' என்று எள்ளி நகையாடினார். எதிர்க்கட்சியின் ஆயுதத்தைத் தாமும் கையிலெடுப்பது அவருக்கு அழகாயிராது. 411இல் கார்த்தேஜில் நடந்த மகாநாட்டில் அக்கட்சி தோற்று, மறுவருஷம் அரசாணையாலும் ஒடுக்கப்பட்ட பின்னரே அந்தக் கட்டு அவிழ்ந்தது. இதை அகுஸ்தீன் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கால வரிசை மட்டுமே என் பக்கம் இருக்கிறது. எனினும், பீடங்களை இடிக்கச் சொன்ன அதே அவுரேலியுவின் தலைமுறைதான் பின்னர் அற்புதங்களை எழுதிவைக்கச் சொல்கிறது என்பதை நோக்குங்கால், பாமர மதத்துக்கு இடங்கொடுத்துவிட்டார்கள் என்பதைவிட, பாமர மதத்தைப் பதிவுக்கு உட்படுத்தினார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

வார்ஃபீல்டுக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிடவேண்டும். அதே அத்தியாயத்தில் ஹெஸ்பேரியு என்னும் உத்தியோகஸ்தரின் பண்ணை வருகிறது. ஃபுஸ்ஸாலா பகுதியிலிருந்த சுபேதி என்னும் அந்தப் பண்ணையில் ஆடுமாடுகளையும் அடிமைகளையும் துஷ்ட ஆவிகள் வதைத்தன. குரு ஒருவர் சென்று அங்கே பூசை நிறைவேற்றி ஜெபிக்க, உபத்திரவம் ஓய்ந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹெஸ்பேரியு, எருசலேமில் கிறிஸ்து அடக்கம் பண்ணப்பட்ட இடத்து மண்ணை ஒரு நண்பரிடம் வாங்கித் தம் படுக்கையறையில் தமக்குக் காப்பாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பின்பு அதை என்ன செய்வதென்று தெரியாமல் அகுஸ்தீனைக் கேட்க, அது புதைக்கப்பட்டு அவ்விடம் ஜெபஸ்தலமாயிற்று. திமிர்வாதக்காரனான ஒரு பண்ணையாள் அங்கே நடை பெற்றான். தொங்கவிட்ட மண்ணைப் பற்றி அகுஸ்தீன் ஒரு முகச்சுளிப்பும் காட்டவில்லை. இங்கே வார்ஃபீல்டின் மூக்கு சரியாகவே மோந்தது.

அகுஸ்தீனின் பட்டியலில் பெரும்பகுதி, தமிழ்க் கத்தோலிக்கர் முடியப்பர் என வழங்கும் ஸ்தேவானின் திருப்பண்டங்களைச் சார்ந்தது. 415இன் இறுதியில் பலஸ்தீனாவின் கஃபார்கமாலா என்னும் ஊரில் லூசியன் என்னும் குரு கண்டெடுத்த அவை, மறு வருஷம் ஒரோசியு என்னும் குரு மூலமாக மேற்றிசைக்கு வந்தன, ஆப்பிரிக்காவில் முதலில் சிறப்புற்றது உசாலிஸ், பிறகு கலாமா, ஹிப்போ பிந்தியது. ஹிப்போவில் திருப்பண்டச் சிற்றாலயம் எழுந்து இரண்டு வருஷமும் நிறையாத நிலையில் ஏறக்குறைய எழுபது சாட்சி ஏடுகள் சேர்ந்திருந்தன என்றும், கலாமாவில் அதற்கு மேல் உண்டு என்றும் அகுஸ்தீன் எழுதுகிறார். ஏடு என்பது, சுகம் பெற்றவர் தம் நோயையும் விடுதலையையும் கூற எழுதப்பட்டு, பூசை நேரத்தில் சபையார் முன்னிலையில் வாசிக்கப்படும் சிறு பத்திரம். கவனிக்கத்தக்கது என்னவென்றால், ஹிப்போவைவிட முன்பே திருப்பண்டமும் அற்புதங்களும் பெற்றிருந்த உசாலிஸில் ஏடு எழுதும் வழக்கம் இருக்கவில்லை என்று அவரே சொல்வதுதான். கார்த்தேஜின் உயர்குலப் பெண்மணி பெத்ரோனியா அங்கே நீண்ட நோயிலிருந்து சுகமடைந்தபோது, ஒரு யூதர் பேச்சைக் கேட்டு, எருதின் சிறுநீரகத்தில் கிடைத்த கல் பதித்த மோதிரத்தைத் தலைமயிர்க் கயிற்றில் கோத்து ஆடைக்குள் அரையில் கட்டியிருந்ததையும், ஸ்தலத்துக்குப் போகும் வழியில் கயிறு அறுபடாமலே அது காலடியில் விழுந்து கிடந்ததையும் கூறினாள். அவ்வூர் மேற்றிராணியாரின் சம்மதத்தோடு அதை ஏடாக எழுதித் தரும்படி தூண்டியவர் அகுஸ்தீன். திருப்பண்டமும் ஜனக்கூட்டமும் நம்பிக்கையும் இருந்தும் ஏடு இல்லாத ஊர் ஒன்று. அகுஸ்தீனின் சொல்லால் ஏடு உண்டாகிற தருணம் ஒன்று. வார்ஃபீல்டின் கோடு மேலே திரும்பும் இடத்தை இதைவிடத் தெளிவாகச் சுட்டிக்காட்ட இயலாது. ஒருதரம் வாசித்தது சில நாளில் மறக்கப்படுகிறது, கேட்டவர் கேளாதவருக்குச் சொல்வதில்லை என்று அவர் ஆயாசப்படுவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த எழுபதில் இன்று நம் கையில் இருப்பது ஒன்றே. அதுவும் ஏடாக அன்று; அகுஸ்தீனின் பிரசங்கத் தொகுப்பில் 322ஆம் எண்ணின்கீழ் அடங்கியிருப்பதால் பிழைத்தது. கப்பதோக்கியாவின் செசரேயாவைச் சேர்ந்த பவுல் என்னும் வாலிபனும் அவன் தங்கை பல்லாதியாவும் அங்கமெல்லாம் ஓயாமல் நடுங்கும் நோயோடு ஊர் ஊராய் அலைந்து, பாஸ்காவுக்கு ஏறக்குறைய பதினைந்து நாள் முன்னர் ஹிப்போ வந்தார்கள். பாஸ்கா காலையில் சிற்றாலயத்தின் அளிக்கம்பிகளைப் பிடித்து ஜெபித்துக்கொண்டிருந்த பவுல் கீழே விழுந்து, உறங்குபவன்போல், ஆனால் நடுக்கமின்றிக் கிடந்து, எழுந்தபோது சுகமாயிருந்தான். அவனுடைய ஏடு கூறுவது: சகோதரர் எழுவரும் சகோதரிகள் மூவருமாகப் பத்துப் பிள்ளைகள், மூத்தவன் தாயை வைது கையும் ஓங்கிவிட்டான், மற்றவர்கள் வாய் திறவாமல் பார்த்திருந்தார்கள். அவனைச் சபிக்கத் துணிந்த தாய் விடியுமுன் ஞானஸ்நான ஸ்தலத்தை நோக்கி ஓட, வழியிலே அவர்களுடைய சிற்றப்பன் வேஷத்தில் ஒரு பேய் எதிர்ப்பட்டு, ஒருவனை மட்டும் ஏன், எல்லாரையுமே சபி என்று மூட்டிவிட்டது. அவள் தலைவிரி கோலமாய், மார்பைத் திறந்து, ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகள் யாவரும் அந்நிய தேசங்களில் அலைந்து உலகத்தாருக்குப் பயங்கர உதாரணமாகக் கடவர் என்று இறைஞ்சினாள். மூத்தவனுக்கு உடனே நடுக்கம் கண்டது. ஒரு வருஷத்துக்குள் அனைவருக்கும். சாபம் பலித்ததைக் கண்ட தாய் நான்றுகொண்டு மாண்டாள்.

இதே வரலாற்றை 'தேவ நகர'த்தில் அகுஸ்தீன் திரும்பச் சொல்கையில், புதிதாய்க் கைம்பெண்ணான தாய், பிள்ளைகள் தனக்குச் செய்த தீங்கைப் பொறாமல் சபித்தாள், தெய்வ தண்டனையாக அவர்களுக்கு நடுக்கம் வந்தது என்பதோடு நிறுத்துகிறார். பேய் இல்லை. ஞானஸ்நானத் தொட்டி இல்லை. நான்றுகொண்ட சாவும் இல்லை. குற்றமோ மூத்தவனிடமிருந்து எல்லாப் பிள்ளைகள்மேலும் பரவிவிட்டது. சாபத்தின் பின்னால் நின்ற கை பேயின் கையிலிருந்து தெய்வத்தின் கைக்கு மாறிவிட்டது. தம் ஆலயத்தில் வாசிக்கச் செய்த ஏட்டை இவர் மறந்திருக்க முடியாது. புறமதத்தார் கையில் போகும் நூலில், சபையின் பரிசுத்த தொட்டியே சாபத்துக்குத் துணைசெய்தது என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும் என்று விலக்கினார் போலும். அன்றி, நூலை முடிக்கவேண்டிய அவசரத்தில் பலவற்றை விடுகிறேன் என்று அதே அத்தியாயத்தில் அவர் சொல்லும் சமாதானமே இங்கும் போதுமானதாயிருக்கலாம். இரண்டில் எதுவென்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் எதுவாயினும், கதை சுகம் பெற்றவன் வாயிலிருந்து மேற்றிராணியார் எழுதுகோலுக்கு வரும்போது அதிசயம் குறைகிறதே தவிர வளரவில்லை. படித்த பிதாக்கள் வழியே புறமதக் கற்பனை சபைக்குள் பாய்ந்தது என்னும் வார்ஃபீல்டின் சித்திரத்தில், ஓட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கவேண்டும்.

எபிதாவ்ரஸில் அஸ்கிளேபியு தெய்வத்தின் கோயிலில் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே ரோக நிவாரணங்களைக் கல்லில் பொறித்து வைத்தார்களே, ஏடு அதன் வழித்தோன்றல் அல்லவா என்று கேட்கலாம். உறவு இருக்கலாம்; உறங்கி எழுந்து சுகம் பெறும் முறையே அதை நினைவூட்டுகிறது. எனினும் பவுசானியா கண்ட அந்தக் கற்றூண்களில் பேசுகிறது கோயில். சுகம் பெற்றவன் ஊருக்குப் போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கலாம். ஹிப்போவிலோ ஏடு வாசிக்கப்படும்போது அதற்குரியவர் எல்லார் கண்ணுக்கும் தெரிய மேடைப் படியில் நிற்கவேண்டும்.

பவுல் சுகம் பெற்றது எந்த வருஷத்துப் பாஸ்காவில்? 425 என்பார் சிலர். 426 என்பார் சிலர். முந்தியதாயின் ஏப்ரல் 19. பிந்தியதாயின் ஏப்ரல் 11. சிற்றாலயத்தைத் தம் செலவில் கட்டியவர் தியாக்கோன் எராக்ளியு. 426 ஜனவரியில் நிகழ்த்திய பிரசங்கத்தில் அகுஸ்தீன் அதைக் கட்டிமுடிந்ததாகவே பேசுகிறார். அதன் உட்கூரையில், எவரும் விரும்பியபோது படிக்கும்படி நான்கு அடிகள் எழுதுவித்ததாகவும், இந்த அறையே உங்களுக்குப் புத்தகமாகட்டும் என்ற கருத்திலும் 319ஆம் பிரசங்கம் பேசுகிறது; அந்த எழுத்து அழிந்துவிட்டது, இருந்திருந்தால் பிரதிஷ்டை நாள் தெரிய வந்திருக்கலாம். சிற்றாலயம் 424இல் எழுந்ததெனின் 425ஆம், 425இல் எழுந்ததெனின் 426ஆம் பொருந்தும். இரண்டிலும் இரண்டு வருஷக் கணக்கு முறியவில்லை. 425இன் பக்கம் சற்றே சாய்கிறேன். அதற்கு மேல் சொல்ல ஆதாரம் இடந்தரவில்லை.

பல்லாதியாவின் விஷயம் மட்டும் இந்தப் பதிவு முறைக்குள் அடங்காமல் நிற்கிறது. பாஸ்காவின் மூன்றாம் நாள், சுகம் பெற்ற அண்ணனும் நடுங்கும் தங்கையும் படியில் நிற்க ஏடு வாசிக்கப்பட்டது. பின் இருவரையும் அனுப்பிவிட்டு அகுஸ்தீன் பிரசங்கத்தைத் தொடங்கினார். உசாலிஸில் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பாலகனைத் தாய் ஸ்தேவான் சந்நிதிக்கு ஏந்திச் சென்ற கதையை அவர் சொல்லிக்கொண்டிருக்கையில், சிற்றாலயத்தின் பக்கமிருந்து ஸ்தோத்திர ஆரவாரம் எழுந்தது: கம்பியைத் தொட்ட பல்லாதியா விழுந்து, எழுந்து, நடுக்கம் நீங்கி நின்றாள். 323ஆம் பிரசங்கத்தின் பாடத்தில் கதை நடுவே அறுந்து, ஆரவாரத்தைப் பற்றிய குறிப்பு வருகிறது. அவள் பெயரில் ஏடு கிடையாது. நமக்கு உள்ளது அன்று பிரசங்கத்தைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தவர், எவரும் கேளாமல், தம் ஓயாத வேலைக்கிடையே குறித்துவைத்தது. ஆனால் அந்தச் சுருக்கெழுத்தாளரும் ஹிப்போ சபையில் இருந்தவரே. ஏடுகளை வாசிக்கக் கேட்டுப் பழகிய காதுடையவரே. ஆதலால் இதை ஏட்டு வழக்கத்துக்குப் புறம்பான சாட்சி என்று வார்ஃபீல்டுக்கு எதிராக நான் முன்வைக்கத் துணியவில்லை. மறுநாள், 324ஆம் பிரசங்கத்தில், அகுஸ்தீன் உசாலிஸ் பாலகனின் கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்லி முடித்தார்.